பாங்காங், சோ மோரிரி, சோ கார்: படம் எடுக்க எந்த உப்பு ஏரி?

இந்த ஒரு வருடத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கும் ஓர் அக்கா, நீடாமங்கலம் பக்கம் நாலு ஏக்கர் சாகுபடி செய்கிற தம்பி, நாகப்பட்டினத்தில் கல்யாணப் படம் எடுக்கும் நண்பர். மூவரிடமும் நல்ல கேமரா இருக்கிறது, கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கிறது. லடாக் மலைமேல் இருக்கும் உப்பு ஏரியைப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை. "பாங்காங் போகவா, சோ மோரிரி போகவா, சோ கார்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுக்குப் போகவா?" என்ற இடத்தில் மூவரும் நின்றுவிட்டார்கள்.

நான் மன்னார்குடிக்காரன். இரண்டு முறை அங்கே போய் வந்திருக்கிறேன். முதல் முறை எல்லாவற்றையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டோம். லடாக்கின் முக்கிய நகரமான லேயில் விமானம் இறங்கிய மறுநாள் காலையிலேயே அவர் எங்களைப் பாங்காங்குக்கு வண்டி ஏற்றினார். சாங் லா கணவாயில் என் மைத்துனருக்கு வாந்தி தொடங்கியது. ஏரிக்கரையில் அவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை, இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது நிமிடத்தில் திரும்பிவிட்டோம். நான் எடுத்த படம் எல்லாம் உச்சிவெயிலில் எடுத்தவை. நீலமாக ஒரு தண்ணீர், அதற்குப் பின்னால் பழுப்பாக ஒரு மலை, அவ்வளவுதான். இரண்டாவது முறை பன்னிரண்டு நாள் ஒதுக்கிப் போனேன். இங்கே சொல்வதில் பெரும்பகுதி அந்தப் பன்னிரண்டு நாளில் கற்றது.

## முதலில் எதை வைத்து முடிவு செய்வது

எந்த ஏரி அழகு என்று கேட்பதில் பயனில்லை, மூன்றும் அழகுதான். 4,000 மீட்டருக்கு மேல் எத்தனை இரவு உங்களால் தங்க முடியும் என்பதுதான் முதல் கேள்வி. நாம் பிறந்து வளர்ந்தது கடல் மட்டத்தில். தஞ்சாவூரே கடலைவிட அறுபது மீட்டர் அளவுதான் உயரம், வேதாரண்யம் பக்கம் அதுவும் கிடையாது. லே விமான நிலையம் 3,256 மீட்டரில் இருக்கிறது. ஏரிகள் அதைவிட ஆயிரம் மீட்டர் அளவோ அதற்கும் அதிகமோ உயரம். 4,500 மீட்டரில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கோடியக்கரையில் கிடைப்பதில் அறுபது சதவீதத்துக்கும் குறைவு. ஆள் எவ்வளவு திடகாத்திரமாக இருந்தாலும் உடம்பு இதற்குப் பழக நாள் எடுக்கும். லேயில் மூன்று இரவு தங்காமல் எந்த ஏரிக்கும் கிளம்பாதீர்கள். முதல் இரண்டு நாள் மாடிப்படி ஏறுவதைக்கூடக் குறைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், இதயம், மூச்சு சம்பந்தமாக ஏதாவது இருந்தால் டிக்கெட் போடும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மலை நோய்க்கு முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் மாத்திரை வேண்டுமா என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, என்ன படம் வேண்டும் என்பது. நிலக்காட்சியா, பறவையா, உப்பா, இரவு வானமா? ஒவ்வொன்றுக்கும் ஏரி வேறு, லென்ஸ் வேறு.

மூன்றாவது மாதம். லடாக்குக்குச் சரியான காலம் ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை. இமயமலை மழையை மறைத்துவிடுவதால் தென்மேற்குப் பருவமழை அங்கே அதிகம் எட்டுவதில்லை. ஆனால் நம் ஊர்க் கணக்கு வேறு. ஜூன் 12ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்காரருக்கு அறுவடை வரைக்கும் நகர முடியாது. சம்பா மட்டும் போடுகிறவருக்கு ஆகஸ்ட் நாற்றங்காலுக்கு முன்பு ஜூன் கடைசியும் ஜூலையும் கையில் இருக்கும். கல்யாணப் படம் எடுப்பவருக்கு ஆடி மாதம் முழுவதும் ஓய்வு. ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை வரும் அந்த ஒரு மாதம் ஏரிகளில் குஞ்சுகள் அலையும் காலம், இதைவிடப் பொருத்தம் அமையாது. ஆசிரியர்களுக்குத்தான் கொஞ்சம் சிக்கல், அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான்காவது, காலை ஐந்தரைக்கும் மாலை ஆறரைக்கும் நீங்கள் கரையில் நிற்க முடியுமா என்பது. ஏரிக்குப் போய்விட்டு அன்றே திரும்புவது படம் எடுக்கும் பயணம் ஆகாது. பத்து மணிக்கு மேல் வெளிச்சம் தட்டையாகிவிடும். மதியத்துக்கு மேல் காற்று கிளம்பினால் தண்ணீரில் பிம்பமும் நிற்காது.

ஏரி ஏன் உப்பாகிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். படம் எங்கே கிடைக்கும் என்பது அதிலிருந்துதான் புரியும். வடிகால் இல்லாத வயல் உவர் பூப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கேயும் அதே கதைதான். காவிரிக்குப் பூம்புகார் இருக்கிறது, இந்த ஏரிகளுக்குக் கடலுக்குப் போக வழியில்லை. பனி உருகி வரும் ஓடைகள் மலையின் உப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொண்டுவந்து சேர்க்கின்றன. தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. ஏரி சுருங்கச் சுருங்க உப்பு கரையில் வெளுத்துத் தெரியும். பெரிய ஏரியில் அது தண்ணீருக்குள்ளேயே கரைந்து கிடக்கும். பாங்காங்கில் உப்பைச் சுவைக்கலாம், பார்ப்பது கஷ்டம். சோ காரில் உப்பின் மேல் நடக்கலாம்.

## பாங்காங்

சுமார் 4,250 மீட்டர் உயரம். 130 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஏரியில் மூன்றில் ஒரு பங்கு அளவே இந்தியப் பக்கம், மிச்சம் சீனாவின் கட்டுப்பாட்டில் உள்ள திபெத்தில் இருக்கிறது. லேயிலிருந்து சாங் லா வழியாக ஐந்து, ஆறு மணி நேரம். மூன்றில் இதுதான் உயரம் குறைந்தது, தங்கும் இடங்கள் அதிகம் உள்ளதும் இதுதான். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

நிலக்காட்சி எடுப்பவருக்கு இது போதும். பெரும்பாலும் தங்குவது கரையோர ஊரான ஸ்பங்மிக்கில். அந்தக் கரை வடகிழக்கைப் பார்த்திருக்கிறது. மாலையில் நம் பக்கம் நிழல் விழுந்த பிறகும் எதிர்க்கரை மலைகளில் வெயில் நிற்கும். அந்த அரை மணி நேரத்தில் மலை செம்மண் நிறத்துக்கும் தண்ணீர் மயில் கழுத்து நிறத்துக்கும் மாறுவதைப் பார்த்தால் வந்த செலவு மறந்துபோகும். 24-70 மில்லிமீட்டர் மாதிரி ஒரு லென்ஸும் ட்ரைபாடும் இருந்தால் சமாளிக்கலாம். கூட்டம் பிடிக்காதவர்கள் ஸ்பங்மிக்கைத் தாண்டி மான், மெராக் ஊர்கள் வரை போய்த் தங்குவது நல்லது.

குறை என்னவென்றால், இங்கே பறவை குறைவு. சக்கரவாகம் சில ஜோடிகள், கடற்காகம், அதிர்ஷ்டம் இருந்தால் வரித்தலை வாத்து, அவ்வளவுதான். உப்பு வெளுத்த கரையும் கிடைக்காது. எல்லைப் பகுதி என்பதால் ராணுவ முகாம், பாலம், சாவடி எதையும் படம் எடுக்கக் கூடாது. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஏழெட்டு நாளுக்கு மேல் லீவு கிடைக்காதவர், முதல் முறை மலை ஏறுகிறவர், கூட வயதானவரோ பிள்ளைகளோ வருகிறார்கள் என்றால் பாங்காங்தான் சரி. அதிலும் ஒரு இரவாவது கரையில் தங்க வேண்டும்.

## சோ மோரிரி

சுமார் 4,520 மீட்டர். லேயிலிருந்து சிந்து நதியை ஒட்டியே சுமத்தாங், மாஹே வழியாக 220 கிலோமீட்டர் வரும். இந்த வழியில் பெரிய கணவாய் ஏறி இறங்கும் தொல்லை குறைவு. சுமத்தாங் சுமார் 4,000 மீட்டரில் இருக்கிறது, வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஊர். முதல் இரவை அங்கே தங்கிக் கழித்தால் உடம்பு ஒரு படி ஏறிப் பழகிக்கொள்ளும். நான் அப்படித்தான் செய்தேன், தலைவலியே வரவில்லை.

ஏரி வடக்குத் தெற்காக 25 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. மேற்குக் கரையில் கோர்சோக் என்ற ஒரே ஊர், அங்கே ஒரு பழைய மடாலயம். எதிரே கிழக்கில் சாம்சர் காங்ரி, லுங்சர் காங்ரி என்று 6,600 மீட்டரைத் தாண்டிய இரண்டு சிகரங்கள். காலையில் சூரியன் அவற்றின் பின்னாலிருந்து எழுவதால் விடியலில் மலையின் கறுத்த விளிம்புதான் கிடைக்கும். சிகரத்தின் பனியில் நிறம் பிடிக்க மாலைதான் நேரம். இதைத் தெரியாமல் முதல் நாள் நாலரை மணிக்கு எழுந்து குளிரில் நின்று ஒரு காலையை வீணாக்கினேன்.

சோ மோரிரியும் நம் கோடியக்கரையும் 2002 ஆகஸ்டில் ஒன்றாகத்தான் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இரண்டுக்கும் பறவைகளால் ஏற்பட்ட உறவு அதைவிடப் பழையது. வரித்தலை வாத்து இந்தியாவில் குஞ்சு பொரிக்கும் முக்கியமான இடங்களில் சோ மோரிரி ஒன்று. வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கறுப்புக் கோடு போட்டிருக்குமே, அந்த வாத்துதான். மார்கழியில் அரியலூர் மாவட்டம் கரைவெட்டி ஏரியில் காவிரித் தண்ணீரில் மிதக்கும் கூட்டத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். லடாக், திபெத், மங்கோலியா போன்ற உயர் நிலங்களில் கோடையைக் கழிக்கிற இனம் அது. பழுப்புத்தலைக் கடற்காகமும் அப்படித்தான். நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் குளிர்காலத்தில் கழுத்தை ஒடுக்கிக்கொண்டு நிற்கும் பறவை, கோர்சோக் கரையில் சாக்லெட் நிறத் தலையோடு கத்திக்கொண்டு திரிகிறது. கூடு கட்டும் காலத்தில்தான் அதற்கு அந்த நிறம் முழுதாக ஏறும். நம் ஊரில் வருடாவருடம் பார்த்த பறவையை அதன் சொந்த வீட்டில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஏரி பெரியது, பறவை தூரத்தில் இருக்கும். 400 மில்லிமீட்டருக்குக் குறைந்த லென்ஸ் இங்கே பறவைக்குப் போதாது. கரையை ஒட்டிக் கூடாரம் போடக் கூடாது, ஊருக்குள் வீடுகளில் தங்குங்கள். நிலக்காட்சியும் வேண்டும், வாத்தும் வேண்டும், இரண்டு இரவாவது தங்க முடியும் என்பவருக்கு இது நடுவழி.

## சோ கார்

கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். அதே சமயம் எல்லோரையும் இங்கே அனுப்பவும் மாட்டேன்.

சோ கார் என்றால் லடாக்கி மொழியில் வெள்ளை ஏரி. சுமார் 4,530 மீட்டர் உயரம். லேயிலிருந்து மணாலி நெடுஞ்சாலையில் 5,300 மீட்டரைத் தாண்டும் தக்லாங் லா கணவாய் ஏறி இறங்கிப் பிரிய வேண்டும். 2020ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உண்மையில் இங்கே இருப்பது இரண்டு ஏரி. தெற்கே ஸ்டார்ட்சபுக் சோ என்ற சின்ன நன்னீர் ஏரி இருக்கிறது. அது நிறைந்து வழிந்து வடக்கே உள்ள பெரிய ஏரிக்குள் போகிறது. அங்கிருந்து வெளியேற வழியில்லாததால் பெரிய ஏரி உப்பாகிவிட்டது. முன்பு தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நின்றது என்பதைச் சுற்றியுள்ள சரிவுகளில் படிப்படியாகக் காணும் பழைய கரைக்கோடுகள் காட்டும். ஒரு காலத்தில் சாங்பா மேய்ப்பர்கள் இந்த உப்பை வாரிக்கொண்டு போய் விற்றார்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த வேதாரண்யம் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு, மலை உச்சியிலும் ஓர் உப்புக் கரை இருக்கிறது என்பது சின்ன விஷயமாகப் படவில்லை.

கரையில் இறங்கி நடந்தால் மேல் பொருக்கு அப்பளம் மாதிரி நொறுங்கும். அடியில் சாம்பல் நிறச் சேறு, ஈரமாக, ஆளை உள்ளே இழுக்கும். பத்தடிக்கு மேல் உள்ளே போகாதீர்கள். உங்களுக்கு ஆபத்து, அந்தச் சதுப்புக்கும் கெடுதல். கரையிலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்து, பொருக்கின் வெடிப்புகள் முன்னால் வரும்படி அகல லென்ஸில் வைத்தால் படம் தானாக அமைகிறது. இங்கே கேமரா ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வெள்ளையைப் பார்த்தவுடன் மீட்டர் வெளிச்சத்தைக் குறைத்து உப்பைச் சாம்பல் ஆக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றிவைத்து கேமராவில் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். போலரைசர் ஃபில்டரை அகல லென்ஸில் முழுக்கத் திருகாதீர்கள். அந்த உயரத்து வானம் ஏற்கெனவே கருநீலம், ஒரு பக்கம் மட்டும் கறுத்துப்போய்ப் படம் திட்டுத்திட்டாக இருக்கும்.

பறவைக்கு நிற்க வேண்டிய இடம் நன்னீர் ஏரியின் ஓரமும், இரண்டு ஏரிக்கும் நடுவே உள்ள சதுப்பும். கருங்கழுத்துக் கொக்கு குஞ்சு பொரிக்கும் இடம் அது. நம் வயல் கொக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நாலடி உயரம், சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, கழுத்தும் தலையும் மைக்கறுப்பு, உச்சியில் சிவப்பாக ஒரு பொட்டு. லடாக்கின் மாநிலப் பறவையாக வைத்திருக்கிறார்கள். ஆடி மாதக் காலை ஒன்றில் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, டயர் ஓரமாக உட்கார்ந்து ஒரு ஜோடியைப் பார்த்தேன். நடுவே துரு நிறத்தில் ஒரே ஒரு குஞ்சு. தாயோ தகப்பனோ தெரியவில்லை, அலகைச் சேற்றில் செருகி எதையோ எடுத்துக் குஞ்சின் முன்னால் போட்டது. குஞ்சு தவறவிட்டது. மறுபடி எடுத்து அதே இடத்தில் வைத்தது. மூன்றாவது தடவைதான் குஞ்சு விழுங்கியது. இருநூறு மீட்டருக்குக் குறையாத தூரம், 600 மில்லிமீட்டரில்கூடக் கொக்கு படத்தில் சின்னதாகத்தான் இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெரும்பாலும் இரண்டு முட்டைதான் இடும் பறவை. தெரு நாய்கள் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுவது அங்கே பெரிய தொல்லை. நாமும் கிட்டே போய் அதைக் கூட்டிலிருந்து எழுப்பிவிட்டால் அந்த நேரத்தில் முட்டை நாய்க்குத்தான். தயவுசெய்து வண்டியைச் சதுப்புக்குள் விடச் சொல்லாதீர்கள். ஓட்டுநர் தானாகவே விட்டாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

சுற்றியுள்ள வெட்டவெளியில் கியாங் என்னும் காட்டுக் கழுதைகள் கூட்டமாக மேயும். வண்டிக்கு இணையாக ஓடும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. அதைத் துரத்திப் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த உயரத்தில் ஓடவிடுவது பெரிய கொடுமை. நின்றால் அவையும் நிற்கும், நிமிர்ந்து பார்க்கும். நல்ல படம் அப்போதுதான் கிடைக்கிறது.

இனி கஷ்டத்தைச் சொல்கிறேன். துக்ஜே என்ற சிறு ஊரும் சில கூடாரங்களும் தவிரத் தங்க இடமில்லை. மின்சாரம் மாலையில் சில மணி நேரம் கிடைத்தால் உண்டு. ஜூலையிலும் இரவில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரும். மதியத்துக்கு மேல் அடிக்கும் காற்றில் உப்புத் தூள் பறக்கும், அந்த நேரம் லென்ஸ் மாற்றவே கூடாது. காலை ஒன்பதரைக்கு மேல் உப்பு வெளியில் கானல் ஆடத் தொடங்கும். எவ்வளவு விலையுள்ள டெலி லென்ஸாக இருந்தாலும் பறவையின் கண் கூர்மையாக விழாது. ஒரு காலைக்கு நாலு மணி நேரம்தான் பறவைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இரண்டு காலை வேண்டும் என்கிறேன், அதாவது இரண்டு இரவு. அது முடியாதவர் சோ காரை விட்டுவிடலாம்.

இரவு வானத்துக்கும் இது நல்ல இடம், அமாவாசையை ஒட்டிப் போனால். பால்வெளியின் நடுப்பகுதி நம் ஊரில் தெற்கே ஐம்பது பாகை உயரம் வரை ஏறும். லடாக்கில் முப்பதுக்கும் கீழேதான் நிற்கும். குறை மாதிரித் தோன்றினாலும் படத்துக்கு அது வசதி. மலையின் தோளும் பால்வெளியும் ஒரே சட்டத்தில் அடங்கிவிடும்.

## ஒரு பார்வையில்

| | பாங்காங் | சோ மோரிரி | சோ கார் |
|---|---|---|---|
| உயரம் | சுமார் 4,250 மீ | சுமார் 4,520 மீ | சுமார் 4,530 மீ |
| மேலே தங்க வேண்டிய இரவு | 1 அல்லது 2 | சுமத்தாங் 1, கோர்சோக் 2 | 2 |
| வீட்டிலிருந்து வீட்டுக்கு | 8 – 9 நாள் | 10 நாள் | 10 நாள் |
| கண்ணுக்குத் தெரியும் உப்பு | அநேகமாக இல்லை | குறைவு | கரை முழுக்க |
| பறவை, விலங்கு | குறைவு | வரித்தலை வாத்து, கடற்காகம் | கருங்கழுத்துக் கொக்கு, வாத்து, கியாங் |
| முக்கிய லென்ஸ் | 24-70 | 24-70, 400க்கு மேல் | அகல லென்ஸ், 600 |
| தங்கும் வசதி | நன்று | சுமார் | மிகக் குறைவு |

நாள் கணக்கு மன்னை எக்ஸ்பிரஸிலோ உழவன் எக்ஸ்பிரஸிலோ இரவு கிளம்பி, சென்னையிலிருந்து டெல்லி, டெல்லியில் ஒரு இரவு, மறுநாள் காலை லே என்று போட்டது. லேயில் மூன்று இரவு இதில் அடக்கம். சோ காருக்கு மட்டும் நேராகப் போகிறவர்கள் நான்கு இரவு வையுங்கள்.

பன்னிரண்டு நாள் கிடைத்தால் தேர்வு செய்ய வேண்டியதே இல்லை. சுமத்தாங், கோர்சோக், பிறகு வழியிலுள்ள சும்டோ ஊரிலிருந்து கந்தக வெந்நீர் ஊற்றுகள் கொதிக்கும் பூகா பள்ளத்தாக்கு, பொலோகோங்கா லா, துக்ஜே, தக்லாங் லா, லே என்று ஒரு வட்டம் அடித்துவிடலாம். நான் போனது இந்த வழி. பாங்காங்கை இதில் சேர்க்க ஆசைப்படாதீர்கள், மூன்றிலும் அரைகுறையாகிவிடும்.

## வெளியே தெரியாத செலவு

பெரிய லென்ஸை வாடகைக்கு எடுப்பவர்கள் கவனிக்க: வாடகை நாள் கணக்கு. ரயிலில் போகும் நாளுக்கும், லேயில் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கும் மூன்று நாளுக்கும் சேர்த்துத்தான் பணம். பாங்காங்குக்குப் போகிறவர் 600 எடுத்துக்கொண்டு போனால் அந்தக் காசு வீண்.

லேயில் வண்டிக் கட்டணத்தை டாக்சி சங்கம் ஊருக்கு ஊர் நிர்ணயித்து அட்டை வைத்திருக்கிறது. பேரம் பேச அதிகம் இடமில்லை. ஆனால் காலை ஐந்து மணிக்கு ஏரியைச் சுற்ற வண்டி வேண்டும் என்பது அந்த அட்டையில் வராது. அதை ஓட்டுநரிடம் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள், கூடக் கொடுக்க வேண்டியிருக்கும். எல்லைப் பகுதிக்கான அனுமதியும் கட்டணமும் என்னவென்று லே போய்ச் சேர்ந்த அன்றே கேட்டு முடித்துவிட வேண்டும்.

நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, குழுவில் ஒருவராவது போஸ்ட்பெய்டு வைத்திருங்கள். குளிரில் கேமரா பேட்டரி பாதியிலேயே படுத்துவிடும், உதிரி பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொண்டால் நிற்கும். மூன்றுக்குக் குறையாமல் வாங்க வேண்டும், அதுவும் செலவுதான். விமானத்தில் இந்தப் பேட்டரியெல்லாம் கைப்பையில்தான் போக வேண்டும்.

லே விமானம் வானிலையால் ரத்தாவது அடிக்கடி நடக்கும். திரும்பும்போது ஒரு நாளை உபரியாக விடுங்கள். நாகப்பட்டினம் நண்பரிடம் ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு ஊரில் இருக்கும்படி டிக்கெட் போடாதே, ஒரு வாரம் முன்பே வந்துவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

சாப்பாடு ஒரு பெரிய விஷயம். அந்த உயரத்தில் தண்ணீர் 85 பாகையிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. சோறு கிடைக்கும் இடத்தில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள், மற்ற இடத்தில் துக்பா என்ற நூடுல்ஸ் கஞ்சிதான். பசி எடுக்காது, இருந்தாலும் சாப்பிட வேண்டும். புளிக்காய்ச்சல் ஒரு டப்பா கொண்டு போனோம், அது எங்களைக் காப்பாற்றியது.

## ஆசிரியர் அக்காவுக்கு

கோடை விடுமுறையில் போனால் நாள் நிறைய இருக்கும், ஆனால் மே மாதம் அங்கே இன்னும் குளிர் விட்டிருக்காது. கொக்கு வந்திருக்கும், குஞ்சு இருக்காது. காலாண்டு விடுமுறையில் செப்டம்பர் கடைசி வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், நாள்தான் குறைவு. அவருக்கு நான் சொன்னது செப்டம்பரும் பாங்காங்கும். அவர் எடுப்பது நிலக்காட்சி, ஒன்பது நாளில் முடியும், கூட அம்மா வருகிறார். நீடாமங்கலம் தம்பிக்குச் சம்பா மட்டும்தான், பறவைமேல் உயிராக இருப்பவர். ஜூலை முதல் வாரம், முழு வட்டம்.

## மலைக்கே போக முடியாது என்றால்

ராஜஸ்தானின் சாம்பர் ஏரி இருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய உள்நாட்டு உப்பு ஏரி, உயரம் 360 மீட்டர் அளவுதான், ஆரவல்லிக் குன்றுகள் சூழ்ந்தது, ஜெய்ப்பூரிலிருந்து 80 கிலோமீட்டர். குளிர்காலத்தில் பூநாரை வரும். மூச்சுத் தொல்லை உள்ளவர் உப்பையும் குன்றையும் ஒரே படத்தில் எடுக்க ஆசைப்பட்டால் இதுதான் வழி. 2019 நவம்பரில் பாக்டீரியா நஞ்சால் ஆயிரக்கணக்கில் பறவைகள் செத்து விழுந்த ஏரியும் இதுதான். கரையில் செத்த பறவை கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆனால் பூநாரைக்காக மட்டும் அவ்வளவு தூரம் போகாதீர்கள், அது நம் வீட்டு வாசலிலேயே வருகிறது.

## கிளம்பும் முன் கோடியக்கரை

எந்த ஏரியைத் தேர்ந்தாலும் அதற்கு முந்தின குளிர்காலத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமை கோடியக்கரைக்குப் போய் வாருங்கள். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாக 110 கிலோமீட்டர் வரும். வெள்ளை உப்பில் வெளிச்சம் கணிப்பது, கானல் எத்தனை மணிக்கு எழுகிறது என்று பார்ப்பது, தரையோடு தரையாகப் படுத்துக் கரைப்பறவையை எடுப்பது எல்லாவற்றையும் அங்கே ஐந்நூறு ரூபாய் பெட்ரோலில் பழகிவிடலாம். உப்புக்கொத்தி என்று நாம் பெயர் வைத்திருக்கும் குட்டிப் பறவைகளில் ஒரு வகை கோடையில் லடாக்கின் இதே ஏரிக்கரைகளில்தான் கூடு கட்டுகிறது. அதன் ஓட்டம், நிறுத்தம், மறுபடி ஓட்டம் இங்கே கண்ணுக்குப் பழகிவிட்டால் அங்கே காலை நேரம் வீணாகாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பறவைக் கூட்டம் கார்த்திகை, மார்கழியில் உச்சம், அப்போது மழையால் உப்பளப் பாத்திகள் தண்ணீராகக் கிடக்கும். உப்பு வாரிக் குவிக்கும் காலம் மழை ஓய்ந்த பிறகு. வெள்ளைக் குவியலும் பறவையும் சேர்ந்து வேண்டுமானால் மாசி மாதம் போங்கள். பாத்தியில் வேலை செய்பவர்களிடம் கேட்டுவிட்டு வரப்பில் ஏறுங்கள், ஈர வரப்பு ஒரு மிதியில் சரிந்துவிடும், அது அவர்கள் காலையெல்லாம் மிதித்துக் கட்டியது. காட்டுக்குள்ளும் சதுப்புக்குள்ளும் போக வனத்துறை அனுமதி வாங்க வேண்டும்.

கரைவெட்டிக்குத் தஞ்சாவூரிலிருந்து திருவையாறு, திருமானூர் வழியாக ஒரு மணி நேரம்தான். டிசம்பர் கடைசியில் காலை ஆறரைக்குக் கரைமேல் நில்லுங்கள். வாத்துகள் வயலிலிருந்து ஏரிக்குத் திரும்பும் நேரம் அது, முதலில் சத்தம்தான் வரும். உங்கள் லென்ஸில் அந்த இரண்டு கறுப்புக் கோடும் தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் லென்ஸ் வாடகைக் கடைக்குப் போக வேண்டாம், இருப்பதை வைத்தே லே டிக்கெட்டைப் போடுங்கள்.